எட்டு எம்.பி. வீடியோ

மகன் ஜோயல் முதன்முதலாக நடந்த வீடியோவைக் கணவன் ரெனிஷுக்கு அனுப்பிவிடத் துடித்தாள் ஜெயஷீலா. தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய அவனது சரக்குக் கப்பலில் பத்து எம்.பி.க்கு மேல் எதுவும் இறங்காது. வீடியோவோ தொண்ணூறு எம்.பி.

"ஏளா, சாயங்காலத்துக்கு மேல கப்பல்ல நெட்டு இருக்காதாம். சீக்கிரம் சுருக்கு," என்றாள் ரெனிஷின் அக்கா ஞானதீபம்.

"சேலையா மைனி, மடிச்சு வைக்க? சுருக்கிட்டுத்தான் இருக்கேன்."

முதலில் நாற்பது ஆனது. மறுபடி சுருக்கியதில் எட்டுக்கு இறங்கியது. ஜெயஷீலா குதிக்காத குறையாக அதை ஓட்டிப் பார்த்தாள்.

கதவும் நாற்காலியும் சதுரம் சதுரமாகக் கலங்கியிருந்தன. ஜோயலின் முகமே மங்கலாகிவிட்டது. பெரிய வீடியோவில் நாலு எட்டு வைத்துவிட்டுத் தொப்பென்று விழுந்து அழுவான். இதில் அவன் விழவில்லை. ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை அவனைத் தாங்கிக்கொண்டது. அந்தக் கை மட்டும் துளியும் கலங்கவில்லை. கப்பல் வேலைச் சட்டையின் ஆரஞ்சுக் கை, விரலில் கல்யாண மோதிரம்.

"மைனி, அங்கன யாரு நின்னா?"

"யாரு நின்னா? நீ படம் புடிச்ச, நான் கை தட்டுனேன். எந்தம்பி இருந்திருந்தா புள்ளய விழ உட்டுருப்பானா?"

ஜெயஷீலா அதை அனுப்பினாள். சற்று நேரத்தில் ரெனிஷின் குரல் செய்தி வந்தது.

"ஷீலா, வீடியோ இன்னும் பாதிகூட இறங்கல. ஆனா ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. இன்ஜின் ரூம்ல கிரீஸைத் துடைக்கப் போனா, எங்கை பூரா புள்ளப் பவுடர் வாசம்."