கல்லடுப்புக்கு இரு பக்கமும்

ஜன்னலுக்கு வெளியே பின்லாந்தின் ஒவுலு நகரத்துப் பனி நீலமாக மங்குகிறது. கடைக்குள் வைஃபை பெட்டிகளின் பச்சைப் பொட்டுகள் கண் சிமிட்டுகின்றன. இணைய நிறுவனத்தை மாற்றியாகிவிட்டது, இனி பெட்டிதான் பாக்கி. எட்டுக் கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டியை விட்டு டூரேயின் கை நகர மறுக்கிறது. “மூணு வீடு தாண்டியும் சிக்னல் எடுக்கும்,” என்கிறார் கடைக்காரர். டூரேயின் மனைவி ஹில்க்கா, கடையில் காபியோடு கொடுத்த ஏலக்காய் பன்னை மேசை நடுவில் வைக்கிறாள். “இது எங்க வீட்டைச் சூடாக்குற அடுப்பு. கூரை வரைக்கும் கல்லு, சிக்னலை அமுக்கிடுது.” பன்னுக்கு முன்னால் ஒரு சர்க்கரைக் கட்டி. “இது பெட்டி. அடுப்புக்கு அந்தாண்ட படுக்கையறை. விடியக்காலையில கப்பல்லேருந்து பையன் கூப்பிட்டா, அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள படம் நின்னுபோகுது. லைனை மாத்தியாச்சு, அடுப்பை மாத்த முடியுமா?” பன்னுக்குப் பின்னால் இன்னொரு சர்க்கரைக் கட்டியை வைக்கிறாள். “கொம்பில்லாம சின்னதா ரெண்டு குடுங்க. ஒண்ணு குடுக்கிறதை இன்னொண்ணு வாங்கிப் பரப்பட்டும்.” கடைக்காரர் கறுப்புப் பெட்டியை மறுபடி அலமாரியில் ஏற்றுகிறார். அந்த அடுப்பைக் கல் கல்லாக அடுக்கிக் கட்டியவன் டூரே. பாராட்டு அவன் வாயில் லேசில் வராது. பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை அவள் பக்கம் நகர்த்துகிறான். “அடுப்பை இடிச்சுட்டேன். சாப்பிடு.”