மூணு இஞ்சு

"இன்னும் இறக்கணும் அண்ணாச்சி. ரெண்டு விரல் உள்ள போகுது, பாருங்க."

செல்லக்கனி டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் விரல்களைச் செருகிக் காட்டினாள்.

ஆவுடையப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஹார்பர் ரோட்டில் பதினெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறார். காரைத் தாழ்த்தச் சொல்லி மகன்கள்தான் வருவார்கள். அம்மாக்கள் வந்தால் சண்டை போடத்தான் வருவார்கள். மகனைக் கையோடு கூட்டிவந்து இன்னும் இறக்கு என்று நிற்கிற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறார்.

"நாலு விரலு இருந்துச்சு அக்கா. ரெண்டாக் கொண்டாந்துட்டேன். இதுக்கு மேல இறக்கினா வளைவுல திரும்பும்போது டயர் உரசும்."

"உரசாத டயராப் போடுங்க."

"ஒல்லி டயர் போடலாம். பள்ளத்துல விழுந்தா ரிம்மு நெளிஞ்சிரும்."

"அண்ணாச்சி சும்மா பயங்காட்டுதாரும்மா." சிவப்பிரகாஷ் செல்போனில் காரைப் படம் எடுத்தபடியே சிரித்தான். "எங்க தெரு பலகை மாதிரி இருக்கும் அண்ணாச்சி. புதுத் தாரு. உப்பளத்தை ஒட்டின கடைசி வீடு எங்க வீடு. வெளிய வர அந்தத் தெரு ஒண்ணுதான் வழி, அதைத் தாண்டினா நேரா ஹார்பர் ரோடு. அங்கன இருந்து துறைமுகம் வரைக்கும் ஒரு மேடு கிடையாது. வண்டி தரையோட ஒட்டிக்கிட்டுப் பறக்கும்."

பறக்கும் என்ற சொல் ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. பட்டறைக்கு எதிரே மின்கம்பத்தில் கோவிந்தின் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் தொங்குகிறது. சிவப்பிரகாஷின் கூட்டாளி. போன மாதம் இதே ரோட்டில் பந்தயம் ஓட்டி, ஓரமாய் நின்ற கன்டெய்னர் லாரிக்கு அடியில் போனான். அந்தக் காரைத் தாழ்த்திக் கொடுத்ததும் ஆவுடையப்பன்தான்.

"தம்பி, அம்மைக்கு ஒரு டீ சொல்லிட்டு வா" என்று அவனை அனுப்பினார். அவன் ரோட்டைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுதேன். உங்க மகன் இன்னும் பந்தயத்தை விடலை. ஞாயித்துக்கிழமைகூட இந்த வழியாத்தான் போனான். நூத்தி அறுவதுக்குக் குறையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சாவியை ஒளிச்சு வச்சேன், டூப்ளிகேட் போட்டான். கேட்டைப் பூட்டினேன், பூட்டை அறுத்தான். அவங்க அப்பா அடிச்சே பாத்தாச்சு. அந்தப் பையன் பேனருக்குக் கீழ கூட்டிட்டு வந்து நிறுத்தி அழுதேன். அன்னைக்கும் போனான்."

"அதுக்காக நீங்களே குழி வெட்டிக் குடுப்பியளா? நான் இந்த வேலையைச் செய்யல. வண்டியை எடுத்துட்டுப் போங்க."

"நீங்க செய்யலன்னா திருநெல்வேலியில செய்வாவ. உங்க கை சுத்தம்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

அவள் அழவில்லை. கருப்பட்டி மண்டியில் தராசைப் பார்ப்பதுபோல அவரை நேராகப் பார்த்தாள். ஆவுடையப்பன் யோசித்தார். வேறு எவனாவது அரைகுறையாய் மாட்டுவதைவிட, பிரேக்கையாவது தன் கையால் சரிபார்த்துக் கொடுக்கலாம்.

"சரி. திருகி ஏத்தி இறக்கிக்கிடுத மாதிரி ஒரு செட்டு இருக்கு. வேணும்னா பொறவு உயரத்தைக் கூட்டிக்கலாம்."

"வேண்டாம். ஏத்தவே முடியாத ஸ்பிரிங்காப் போடுங்க. பழைய ஸ்பிரிங்கு நாலையும் எங்கிட்ட குடுத்திருங்க. வண்டிக்கு அடியில மூணு இஞ்சுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது. வியாழக்கிழமை சாயந்திரம் வண்டி வீட்டுக்கு வந்தாகணும்."

"வெள்ளிக்கிழமை தந்தா ஆகாதா?"

"ஆகாது."

வியாழக்கிழமை சாயந்திரம் இருவரும் வந்தார்கள். சிவப்பிரகாஷ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். சக்கரம் நான்கும் உடம்புக்குள் புதைந்து, கார் தரையில் படுத்துக் கிடந்தது.

செல்லக்கனி பையிலிருந்து டேப்பை எடுத்தாள். சேலை அழுக்காவதைப் பார்க்காமல் முழங்காலிட்டு, அடியில் கைவிட்டு அளந்தாள். மூணு இஞ்சு. ஒரு நூல் கூடவில்லை.

எழுந்து வந்து மகன் கையில் இரண்டு சாவிகளையும் வைத்தாள்.

"நீயே வச்சுக்கலே. இனிமே நான் ஒளிச்சு வைக்க மாட்டேன். நேரா வீட்டுக்குக் கொண்டுபோய் உள்ள விடு. நாளைக்கு எங்க வேணும்னாலும் போ."

அவன் நம்ப முடியாமல் அவளைப் பார்த்தான். "நீ சாமிம்மா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் காரில் ஏறினான். பட்டறை அதிர உறுமிக்கொண்டு கார் கிளம்பியது. கோவிந்தின் பேனர் காற்றில் அசைந்து நின்றது.

ஆவுடையப்பனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"பெத்த தாய் செய்யுற காரியமா அக்கா இது? கடைசியாச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இந்த உயரத்துல வழியில ஒரு வேகத்தடை வந்தாப் போதும், ஆயில் சேம்பர் உடைஞ்சு வண்டி அங்கனயே நின்னுரும்."

"மெதுவாச் சாய்ச்சு ஏத்தினா?"

"எப்படி ஏத்தினாலும் தாண்டாது."

"உறுதியாச் சொல்லுதியளா?"

"பதினெட்டு வருஷமா இதுதான் அக்கா என் தொழில்."

செல்லக்கனி பழைய ஸ்பிரிங்குகள் இருந்த சாக்கை இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். பட்டறைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகம் லேசாகத் தெளிந்தது.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எங்க தெருவுல மூணு வேகத்தடை போடுதாவ அண்ணாச்சி. நாலு இஞ்சு உயரம். மாநகராட்சியில மனுக் குடுத்து, ஒரு மாசம் நாயா அலைஞ்சு வாங்கினதே நான்தான்."