கால்வாய் எண்ணெய்

"வீட்லயே பொடியக் கலந்து எடுத்துட்டு வந்திருக்க. அப்படித்தானே?" என்றார் நடுவர்.

மகளுக்குப் பின்னால் நின்ற லேத் பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. பித்தலாட்டம் செய்கிற பெண்ணா அவள்?

அதுவரை பள்ளி அறிவியல் கண்காட்சியில் அவள் மேசைக்குத்தான் கூட்டம். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர். மேலே கறுப்பாக எண்ணெய். அதில் காந்தப் பொடியைக் கலந்தால் எண்ணெயே காந்தத்துக்குக் கட்டுப்பட்ட திரவமாகிவிடும். பாலிதீன் உறை சுற்றிய காந்தத்தைக் காட்டினால் போதும், தண்ணீரை விட்டுவிட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் விளக்கிய அழகில் பக்கத்து மேசைப் பிள்ளைகள் தங்கள் எரிமலை மாதிரியையே மறந்து நின்றார்கள்.

எண்ணெய் எங்கே வாங்கினாய் என்று நடுவர் கேட்டார். வாங்கவில்லை, வீட்டுக்கும் அப்பா பட்டறைக்கும் பின்னால் ஓடும் கால்வாயில் மொண்டது என்றாள்.

பட்டறைக்காரர் முந்திக்கொண்டார். "எவனோ படுபாவி ஊத்திட்டுப் போறான் சார். ஒரு மீன் மிச்சமில்ல. அதப் பாத்துட்டுத்தான் இவ இதுல இறங்கினா."

நடுவர் மெச்சினார். பொடி போடாமல் முதலில் காந்தத்தைக் காட்டச் சொன்னார். எண்ணெய் அசையக் கூடாது. அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

காட்டினாள். எண்ணெய் நாய்க்குட்டி மாதிரி காந்தத்தின் பின்னாலேயே வந்தது. உறைமேல் கறுப்பாக மீசை முளைத்தது.

அதற்குத்தான் நடுவரின் அந்தக் கேள்வி.

மகள் உறையில் ஒட்டியதை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது. பட்டறையைப் பெருக்கிப் பழகிய கை. அது என்னவென்று தெரிந்துவிட்டது. மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் எரிமலையைப் பார்த்தார்.

"ஆமா சார். நான்தான் முன்னாடியே கலந்துட்டேன்."

போட்டியில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டு நடுவர் நகர்ந்தார். மகள் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். அழவில்லை. அப்பா பக்கம் திரும்பவும் இல்லை.

அழுதிருந்தால்கூடப் பட்டறைக்காரர் தாங்கியிருப்பார்.

நாலு எட்டில் போய் நடுவரை மறித்தார்.

"அவ எதையும் கலக்கல சார். அது என் லேத்துல விழுற இரும்புத் தூள். கழிவெண்ணெயோட சேந்து வந்திருக்கு."

"கால்வாய்க்கு எப்படிப் போச்சு?"

"அந்தப் படுபாவி நான்தான் சார்."