அட்வான்ஸ் சால்வை

உங்கள் உயிரைப் பன்னிரண்டு நாளைக்கு, முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் கொடுக்கப் போகிறீர்கள். அவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?

"லைசென்ஸ் இருக்கா?" என்றுதான் ஓம்பிரகாஷ் கேட்டார்.

"இருக்குதுங்க சார். போட்டோ அனுப்பிட்டனுங்க," என்றது நேபாளத்திலிருந்து வந்த குரல்.

தில் பகதூர் ஆறு வருஷம் கோயம்புத்தூர் ஹோட்டலில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். ஊர் திரும்பி, பதினாலு வருஷமாக எவரெஸ்ட் அடிவாரம் வரைக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி.

"முதலுதவி சர்டிபிகேட்?"

"அனுப்பிட்டனுங்க."

"உங்ககூட வந்து உசுரோட திரும்புன ரெண்டு பேர் நம்பர்?"

"மூணு பேர் நம்பர் அனுப்பிட்டனுங்க."

"எனக்கு நேர்மைதான் முக்கியம். ஒரு பொய் சொன்னாலும் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

"நியாயமுங்க. எனக்கும் அதேதானுங்க. சார், கையில நாடியும் ஏறுன ஒசரமும் பாக்கற வாட்ச் இருக்குதுங்களா? அதைக் கட்டிட்டு ஒரு வாரம் மலை ஏறி எறங்கி, கணக்கை எனக்கு அனுப்புங்க. தேறுனாத்தான் கூட்டிட்டுப் போவேன். மேல மயங்கி விழுந்தா ஆளை நாந்தானுங்க தூக்கோணும்."

ஓம்பிரகாஷுக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். அங்கே அவர் ஏறிய பெரிய மேடு ரயில்வே மேம்பாலம்தான். நாமக்கல் பக்கம் மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குக் கிளார்க்காக மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆகியும், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று செருப்பைச் சரிசெய்வார்.

ஆனால் பின்வாங்க முடியாது. எவரெஸ்ட் பக்கம் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்ன அன்றைக்கே மேலதிகாரி ரோஸ்லின் மேடம் ஆபீஸில் எல்லோரையும் கூட்டி, அட்வான்ஸாகச் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துவிட்டார். இனி போகவில்லை என்றால் ஆபீஸில் எந்த முகத்தோடு உட்கார்வது?

மறுநாள், ஆயிரம் படி இறங்கிப் போகவேண்டிய ஆகாய கங்கை அருவிக்குப் போனார். இறங்கும்போது ஜோராக இருந்தது. ஏறும்போது எழுபதாவது படியில் உட்கார்ந்தார். 'உடனே ஓய்வெடுக்கவும்' என்று வாட்ச் அலறியது.

வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கழற்றி, குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மாதன் கையில் கட்டிவிட்டார்.

"இது என்னங்க சார் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுண்ணே. நீங்க உங்க வேலையப் பாருங்க. சாயங்காலம் மட்டும் எங்கிட்டக் காட்டுங்க."

மாதனின் பெண்டாட்டி ராசம்மாள் முறத்தில் புடைப்பதை நிறுத்தினாள். "ஏனுங்க சார், மலை ஏறப் போறது நீங்க. இவரு கையில கட்டுனா ஆச்சுங்களா?"

"அங்க போனா நான் சமாளிச்சுக்குவேன்க்கா. இங்க தேறணும், அதான் பிரச்சினை."

ஏழு நாளும் கணக்கு நேபாளத்துக்குப் போனது. ஏழாம் நாள் சாயங்காலம் தில் பகதூர் கூப்பிட்டார். மாதனும் ராசம்மாளும் கேட்கட்டும் என்று ஓம்பிரகாஷ் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இத்தன வருஷத்துல இப்படி ஒரு நெஞ்சை நான் பாத்ததில்லீங்க."

"சின்ன வயசுலேர்ந்தே நான் அப்படித்தான்."

"புதங்கெழமை மட்டும் முப்பது அடி நேரா மேல, நேரா கீழ. அம்பத்திரண்டு தடவை. நாடி தொண்ணூறைத் தாண்டல. எதுலீங்க சார் ஏறுனீங்க?"

ஓம்பிரகாஷ் மாதனைப் பார்த்தார். மாதன் வாயசைத்தார். புரியவில்லை.

"அது... மாடிப்படி."

"முப்பது அடிக்கு ஒரே மூச்சா, செங்குத்தா இருக்குதுங்களா மாடிப்படி?"

"மொளகு பறிச்சனுங்க!" மாதனுக்குப் பொறுக்கவில்லை. "சில்வர் ஓக் மரத்துல கொடி ஏறியிருக்குதுங்க. ஒத்த மூங்கில் ஏணி சாத்தி, கணுவுல கால் வெச்சு ஏறுவனுங்க. அன்னிக்கு அம்பத்திரண்டு மரமுங்க."

ராசம்மாள் சிரிப்பை முந்தானைக்குள் தள்ளினாள்.

"அண்ணா," என்றார் தில் பகதூர் மெதுவாக, "வாட்ச் உங்க கையிலயா இருந்துச்சு?"

"ஆமாங்க. சார்தான் கட்டிவிட்டாரு."

"மூட்டு வலி ஏதாச்சும்?"

"எதுக்குங்க வலிக்கோணும்?"

"இந்த சீசனுக்கு எங்களுக்கு மூட்டை தூக்க ஒரு ஆள் கொறையுதுங்கண்ணா. ரெண்டு மாசம். சோறு, சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. பாஸ்போர்ட் வேண்டாம், ஓட்டர் கார்டு போதும். வாரீங்களா?"

மாதன் யோசித்தார். "அங்க அட்டப்பூச்சி இருக்குதுங்களா?"

"இல்லீங்க. பனிதான்."

"அப்பப் பரவால்லீங்க. வாரேன்."

"தம்பி, என்னோட டிரிப்பு?" ஓம்பிரகாஷின் குரல் இறங்கியிருந்தது.

"சார், ஒரு பொய் சொன்னாலும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அடுத்த வருஷம் பாக்கலாமுங்க. அதுவரைக்கும் வாட்ச் உங்க கையிலயே இருக்கட்டும்."

போன் வைக்கப்பட்டது. ராசம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்ல வேலை பண்ணுனீங்க சார். இவரு கெளம்பிட்டா, இன்னும் பாதி மொளகு மரத்துல நிக்குதுங்களே. அதை ஆருங்க பறிக்கறது?"

மறுநாள் காலை மாதன், ஓம்பிரகாஷுக்கு ரோஸ்லின் மேடம் போர்த்திய சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஸ்வெட்டர் வாங்க நாமக்கல் பஸ் ஏறினார். அந்த நேரத்தில் ஓம்பிரகாஷ் மூங்கில் ஏணியின் நாலாவது கணுவில் நின்றுகொண்டிருந்தார். வாட்ச் நாடியை நூற்று அறுபது என்று காட்டியது.