சுவரில் கொழுவும் அளவு

அன்றைக்கு மழை பெய்தது என்றுதான் என் நினைவு. அக்கா பத்மாசினி பெய்யவில்லை என்கிறாள். எட்டு நாள் நித்திரை இல்லாதவனின் நினைவு என்னுடையது. அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் அந்தப் படம் பிடிக்கும் ஸ்ரூடியோ. பண்டத்தரிப்பில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். பெயர் நிரோஜா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"என்ன அளவு அண்ணை?"

"சுவரிலை கொழுவுற அளவு. பிறேமும் போட்டு."

"ஆரின்ரை படம்?"

"என்ரைதான்."

"வெளிநாட்டிலை பொம்பிளை பாக்கினமோ? இவ்வளவு பெரிசா அனுப்பினா அவ பயந்திடுவா."

நான் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தனியாக இருக்கும் பெரிய படம், பிறேமோடு, அனேகமாக ஒரு காரியத்துக்குத்தான். செத்தவீட்டில் ஆட்கள் முதலில் அலைவது அதைத் தேடித்தான். கடைசியில் ஏதாவது கலியாணவீட்டுப் படத்தில் இருந்து வெட்டி எடுப்பார்கள்.

அக்காவுக்கு அந்த அலைச்சலை வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்போது எனக்கு அது பெரிய அக்கறையாகப் பட்டது.

போனில் இருந்த படத்தை அனுப்பினேன். அக்காவின் மகள் ஆரபி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் எடுத்தது. என் தோளில் அக்காவின் கை இருந்தது.

"அந்தக் கையை எடுத்துவிடுங்கோ தங்கச்சி."

அவள் படத்தைப் பெருப்பித்தாள். சுண்டுவிரல் போனது. மோதிரவிரல் போனது. பிறகு எதையோ அழுத்தினாள். இரண்டும் திரும்பி வந்தன.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தன.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், கண்ணாடிக் கதவடிக்குப் போனேன். வெளியே லொறியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தேன். விரல்கள் இன்னமும் அங்கேயே இருந்தன.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"கொம்பியூட்டர் இழுபடுதண்ணை. இருக்க ஏலாட்டி நடவுங்கோ. ஆனா கதவுக்கு இங்காலை நடவுங்கோ."

வேலை தெரியாதவளிடம் வந்து மாட்டிக்கொண்டேன் என்று எரிச்சல் வந்தது. வேறு கடையும் இருக்கும். வேண்டாம், நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் கதிரையை முழுக்க என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணை, நேரா ஒண்டு கேக்கிறன். சாகிற யோசினையோ?"

சாப்பிடு என்றவர்கள் இருந்தார்கள். கோயிலுக்குப் போய்வா என்றவர்கள் இருந்தார்கள். உனக்கென்ன குறை என்றவர்கள் நிறையவே இருந்தார்கள். என் தலைக்குள் இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சொல்லை இன்னொருவர் வாயில் இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம்" என்றேன்.

கால்கள் நின்றுவிட்டன.

"இந்தக் கை ஆரின்ரை?"

"அக்காவின்ரை."

"அவவுக்குத் தெரியுமோ?"

நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன்.

"அவவின்ரை நம்பரைச் சொல்லுங்கோ."

கடைசி இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஏன் சரியாகச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பாஸ்போட் படத்துக்கு வந்தவர்களை நிரோஜா பின்னேரம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாள். தேத்தண்ணி தந்தாள். தன் கதிரையைக் கதவோடு இழுத்துப் போட்டுக்கொண்டு அதில் இருந்தாள். நான் நடந்தேன், இருந்தேன், பிறகும் நடந்தேன்.

சேலை கட்டாமல் படலை தாண்டாத அக்கா, வீட்டில் போடும் சோட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள்.

"எருமை, ஒரு படத்துக்கு உனக்குக் கொடிகாமமோ கிடைச்சது?" என்றாள். பிறகு கடையின் வெறும் நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

இது நடந்து மூன்று வருடம்.

நான் இருக்கிறேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறேன். நித்திரை வருகிறது. அந்த யோசனையும் சில நாட்களில் வரும். வந்தால் அக்காவிடம் சொல்லிவிடுவேன். அவள் என்னைத் திட்டித்திட்டி முழுவதையும் கேட்பாள்.

ஆரபி பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

நிரோஜா அதே கடையில்தான் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அக்காவும் நெடுநேரம் போனில் கதைப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று கனகாலம் நினைத்திருந்தேன்.

அவர்கள் கதைப்பது அவளுடைய தகப்பன் இளையதம்பியைப் பற்றி. அவர் இப்போது இல்லை. நான் அந்தக் கடைக்குப் போவதற்கு முந்திய வருடம் அவரும் தன்னுடைய படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரும்படி மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் பகிடி விட்டுக்கொண்டே, அரை மணித்தியாலத்தில், மிக அழகாக முடித்துக் கொடுத்திருந்தாள்.