பால் பார்க்கிறாள்

தன் கைக்குழந்தைக்குப் பாலூட்ட வந்திருக்கும் பெரின் என்பவளை, ரூவான் நகரத்திலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலடியில் நிறுத்தி, மாடு வாங்க வந்தவளைப்போல எசமானி பார்க்கிறாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கிறாள். மார்பைப் பிதுக்கி, தன் நகத்தில் விழுந்த பால்துளியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு நக்குகிறாள்; அவளுடைய சொத்தைப் பல்லின் கிராம்பு வாடை அடுப்படியில் நிற்கும் என்வரை வருகிறது. “உன் பிள்ளை எங்கடி?” “செவ்வாய்க்கிழமை செத்துட்டாம்மா.” “நல்லதாப் போச்சு. பால் முழுக்க நம்ம பிள்ளைக்குத்தான்.” பெரின் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். அது ஒரு பக்கம் உறிஞ்ச, மறுபக்கம் பால் தானாகச் சொட்டித் தரை நனைகிறது. எசமானியின் மடிநாய் ஓடிவந்து அதை நக்குகிறது; எசமானி சிரிக்கிறாள். கரண்டியை வைத்துவிட்டுப் போய் நாயை ஓர் உதை விடுகிறேன். “ஏண்டி உதைச்ச?” “கால் தடுக்கிடுச்சும்மா” என்கிறேன், பெரினைப் பார்த்துக்கொண்டே.