ஒத்துக்காத சமையல்

“இன்னிக்கும் வயித்தால போச்சாங்க?” என்றாள் மனைவி.

“எல்லாம் உன் கைப்பக்குவம்!” கணவன் எரிந்து விழுந்தான்.

அவள் மிளகாயைக் குறைத்தாள், எண்ணெயை நிறுத்தினாள், கடைசியில் வெறும் கஞ்சிக்கே வந்துவிட்டாள். மூன்று மாதமாக அவன் போட்ட பழியைச் சுமந்தாள்.

அன்று காலை கழிப்பறைக்குள்ளிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க சொன்னது சரிதாங்க. என் சமையல் எனக்கே ஒத்துக்கல. பத்து நாளா எனக்கும் இதே கதைதான்.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவர், “எச்.ஐ.வி.னாலதான் உங்க வயிறு இந்தப் பாடு படுது. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, உடனே மருந்து ஆரம்பிக்கலாம்” என்று சொல்லி மூன்று மாதமாகிறது. அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இன்னும் அவன் அலுவலக மேஜைக்குள் பூட்டிக் கிடக்கிறது.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “நீங்களாவது நாளையிலேர்ந்து வெளியில சாப்பிடுங்க.”